பிரேமாவதி பேரில் அர்ச்சனை

காளிதாசனுக்கு இடது மார்பில் கட்டி. செம்பனைக் குலை ஏற்றும் லோரியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர், பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவர். ஆனால் ஆம்பளைக்கு மார்பில் கட்டி என்று கரங்கான் மாதிரிச் சின்ன ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? மானம் கப்பலேறிவிடாதா? கூலிம் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு முருகையா கேட்டதும், "பிரேமாவுக்கு மார்ல கட்டி லா," என்று கூசாமல் மனைவி தலையில் போட்டுவிட்டார்.

பிரேமாவதி முறைத்தாள். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் தர்மிளாவின் முகம் சரியில்லை. "புற்றா இருக்கலாம் அங்கிள். ஊசியால கொஞ்சம் சதை எடுத்து லேப்புக்கு அனுப்புறேன். ரிசல்ட் வரட்டும்," என்றார். அன்றிலிருந்து காளிதாசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆப்பிளும் மைலோ டின்னுமாகப் பிரேமாவதியைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களில் அழகம்மா ஒரு படி மேலே போய், வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் அர்ச்சனைக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

கோவிலில் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"பிரேமாவதி, ரோகிணி," என்று அழகம்மா முந்திக்கொண்டாள்.

காளிதாசனுக்குப் பகீரென்றது. நோய் ஒருவனுக்கு, அர்ச்சனை இன்னொருத்தி பேருக்கா? ஆத்தாளின் அருள் ஆள் மாறிப் போய்விட்டால் யாரிடம் போய் முறையிடுவது? அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஐயரே, நிறுத்துங்க! காளிதாசன், கேட்டை. கட்டி எனக்குத்தான்!"

அழகம்மா வாயைப் பிளந்தாள்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே," என்றாள் பிரேமாவதி. "எத்தனை மைலோதான் நான் குடிக்கிறது?"

அடுத்த வாரம் ரிசல்ட் வந்தது. "மயோஃபைப்ரோபிளாஸ்டோமா," என்று டாக்டர் சிரித்தார். "பேருதான் பெருசு. புற்று இல்ல அங்கிள். வயசான ஆம்பளைங்களுக்கு எப்பவாவது அபூர்வமா வர்றது. வெட்டி எடுத்துட்டா தீர்ந்துச்சு." காளிதாசன் அங்கேயே, வெட்கமில்லாமல் அழுதார். அவ்வளவு சந்தோஷம்.

கட்டியை எடுத்து வீடு திரும்பியதும் முருகையா நலம் விசாரிக்க வந்தார். பிரேமாவதி அடுப்படிக்குள் போகும்வரை பொறுத்திருந்து, சட்டைப் பித்தானைக் கழற்றினார்.

"அண்ணே, இங்க தொட்டுப் பாருங்களேன். ரொம்ப மாசமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல."

காளிதாசன் தொட்டுப் பார்த்தார். "பிரேமா, டாக்டரம்மா நம்பர் எங்க?" என்று குரல் கொடுத்தார்.

"இப்ப யாருக்கு?" என்றாள் அவள் உள்ளிருந்தே.

காளிதாசன் முருகையாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான் அண்ணி," என்றார் முருகையா.