வாப்பாவைப் பெரிதாகப் பார்க்க

பிலிமத்தலாவையில் புடவைக் கடை வைத்திருக்கும் நஸீப், துணியை விரலால் தொட்டே முதல் சலவையில் சாயம் போகுமா போகாதா என்று சொல்லிவிடுவார். மடிக்கணினியை டீவியோடு பொருத்தும் வயர் விஷயத்தில் அந்தக் கெட்டித்தனம் எடுபடவில்லை. கண்டிக்குப் போய், முதல் கடையில் நீட்டிய வயரை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கி வந்தார். ஒரு முனை மகளின் மடிக்கணினிக்குள் அழகாகப் போனது. மறுமுனையில் இருந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் பழைய டீவியின் முதுகில் அதைவிட அழகாகப் போயின. படம் மட்டும் வரவில்லை.

உள்ளதைச் சொன்னால், படம் வராததில் அவருக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது.

பார்க்க வேண்டியது அவருக்கும் மனைவி றம்லத்துக்கும் நடந்த நிக்காஹ், அந்தக் கல்யாண வீடியோ. இருபத்தேழு வருஷத்துக்கு முன் வத்தேகமையில், மாமனார் மஹ்ரூப் ஹாஜியாரின் வீட்டு ஹோலில் நடந்தது. ஹோல் நிறைய ஆண்கள். மணப்பெண் றம்லத் மூன்று சுவர் தள்ளி, உள்ளறையில் பெண்களுக்கு நடுவே இருந்தாள். வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்கிற நிமிஷத்தை மகள் பார்ப்பதில்லை, வழக்கம் அப்படி. வீடியோக்காரர் கொடுத்த கசெட்டை மாமா தானே வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டபோதெல்லாம், "அது பூஞ்சணம் புடிச்சுப் போச்சு" என்று ஒரே பதில். போன வருஷம் அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு, அலுமாரியைத் துப்புரவாக்கிய றம்லத்தின் தம்பி நிஸாம் அதைக் கண்டெடுத்தான். ஹஜ்ஜில் உடுத்திய இஹ்ராம் துணிக்கு அடியில், துவாயில் சுற்றி, பொட்டுப் பூஞ்சணம் இல்லாமல் பத்திரமாக இருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்துப் பென் ட்ரைவில் ஏற்றி அனுப்பிவைத்தான்.

"ஃபோன்லயே பாப்பமே" என்று நஸீப் சொல்லிப் பார்த்தார்.

"எங்கட வாப்பாவ உள்ளங்கைக்குள்ள வச்சுப் பாக்கச் சொல்றீங்களா? பெரிசாப் பாக்கணும். அவர் வாங்கித் தந்த டீவியில பாக்கணும்" என்றாள் றம்லத்.

கல்யாணத்துக்கு மாமா கண்டியில் வாங்கிய டீவி அது. வேனில் ஏற்றிய பிறகும், குலுங்கும் என்று வழி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தவர். அவர்களின் மகள் ஷஹ்மா நடை பழகியது அந்த டீவி மேசையைப் பிடித்துத்தான். கிரிக்கெட் நாளென்றால் அக்கம்பக்கத்தார் கதிரையும் கையுமாக வந்துவிடுவார்கள். ஏரியலைத் திருப்பக் கூரையில் ஒருவர், "வந்திச்சா?" என்று கேட்க முற்றத்தில் ஒருவர், "போச்சு, போச்சு!" என்று கத்த உள்ளே ஒருவர். மூன்று பேர் பார்த்த அந்த வேலையை இப்போது தன்னந்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நஸீப்புக்கு ஏக்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பாரம் ஒன்றும் மனதில் கிடந்தது. றம்லத்துக்கு வாப்பாமேல் ஒரு தீராத மனத்தாங்கல். "நிக்காஹ் முடிஞ்சு உள்ளுக்கு வந்தார். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. 'சாப்பாட்ட வைங்க' என்டார். சுமை எறங்கின ஆள் மாதிரி" என்று வருஷா வருஷம் சொல்லுவாள். ஹோலில் நடந்தது வேறு என்று நஸீப்புக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று அன்றைக்கே மாமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, இத்தனை வருஷமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். படம் வந்தால் அந்த மௌனமும் சேர்ந்தல்லவா வெளியே வரும்! போதாக்குறைக்கு அடுத்த மாதம் ஷஹ்மாவின் நிக்காஹ். வாப்பாவின் இடத்தில் அவரே உட்கார வேண்டும்.

றம்லத் விடவில்லை. நஸீப் மறுபடியும் கண்டிக்குப் போனார். குட் ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஃபோன் சாமான் கடை வைத்திருக்கும் கஜேந்திரன் வயரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வெறும் வயரால வராது நானா. கணினி பேசுறது ஒரு பாஷை, உங்க டீவி பேசுறது வேற பாஷை. நடுவுல மாத்திக் குடுக்க ஒரு பெட்டி வேணும்." தீப்பெட்டி அளவில் ஒன்றைக் கையில் வைத்து, வராவிட்டால் கூப்பிடச் சொன்னார்.

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலையில், கடை பூட்டு. நஸீப் பென் ட்ரைவைச் செருகிப் படத்தை ஓடவிட்டார். டீவியில் ஒன்றுமில்லை. கஜேந்திரனைக் கூப்பிட்டார்.

"பெட்டிக்குக் கரண்ட் குடுத்தீங்களா நானா? சின்ன வயர் ஒன்னு இருக்கும், ஃபோன் சார்ஜர்ல சொருகுங்க."

சொருகினார். பெட்டியில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"இப்ப டீவிய ஏவீக்கு மாத்துங்க."

"ரிமோட் காணாமப் போய் இருவது வருஷம் தம்பி."

"அப்ப முன்னுக்குக் கீழ ஒரு மூடி இருக்கும். நகத்தால தெறந்து பாருங்க."

இருந்தது. இத்தனை காலம் தூசி தட்டியும் கண்ணில் படாத மூடி. பட்டனை அமத்தினார். மாமாவின் ஹோல் வந்தேவிட்டது. ஆனால் நிறமில்லாமல், மேலே மேலே உருண்டுகொண்டு.

"பெட்டிப் பக்கத்துல குட்டி சுவிட்ச் ஒன்னு இருக்கு. அத மத்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளிய வேகத்தில் பெட்டி நகர்ந்து மஞ்சள் வயர் கழன்று கையோடு வந்தது. திரை இருண்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"என் மகள் றம்லத்தை..." என்று மௌலவி சொல்லிக்கொடுத்தார்.

"என் மகள்..." என்றது மாமாவின் குரல். அதற்குமேல் வரவில்லை.

மௌலவி திரும்பச் சொல்லிக்கொடுத்தார். "என் மகள்..." குரல் உடைந்து, ஒரு விம்மல் கேட்டது.

குசினியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஈரக் கையோடு றம்லத் வந்து நின்றாள். "அது வாப்பாவா?"

மஞ்சள் வயர் நஸீப்பின் விரலில் இருந்தது. வயர் பழுதென்று ஒரு பொய் சொல்லலாம். அவள் நம்பியும் விடுவாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வயரை அழுத்திச் செருகினார்.

படம் உருளாமல், நிறத்தோடு நின்றது. ஈர்க்கு மீசையும் தொப்பியுமாக மாப்பிள்ளை நஸீப். அவர் கையைப் பிடித்தபடி தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார், வத்தேகமைச் சந்தையே நடுங்குகிற மஹ்ரூப் ஹாஜியார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாம் முறைதான் சொல்லி முடித்தார். பிறகு குனிந்து மருமகனின் காதில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

"நானா, வந்துச்சா?" என்று ஃபோன் கேட்டது. "வந்திட்டுது தம்பி" என்று சொல்லி நஸீப் அதை வைத்துவிட்டார்.

"காதுல என்ன சொன்னார்?"

"'உள்ளுக்குச் சொல்லிடாதீங்க மகன், புள்ள கலங்கிடும்' என்டார். பின்னால போய் பைப்புல முகத்தக் கழுவிட்டு உள்ளுக்கு வந்தார்."

றம்லத் கதிரையில் உட்கார்ந்தாள். "நீங்களும் சொல்லல்ல."

"வாக்குக் குடுத்திட்டேன்."

"வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி மாஞ்சேனே. கேட்டுக்கிட்டுத் தேத்தண்ணி குடிச்சீங்க. வாப்பா மௌத்தான அன்டைக்கும் அந்தக் கோவம் எனக்குள்ள இருந்திச்சு. கோவத்தோடதான் அவர அனுப்பிவச்சேன்."

வாக்கைக் காப்பாற்றியது பெரிய மனுஷத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்த நஸீப்புக்கு வெட்கமாக இருந்தது.

"திரும்பப் போடுங்க" என்றாள்.

போட்டார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னாள். மூன்றாம் தரமும் வாப்பா தண்ணீர் குடித்து, சொல்லி முடித்து, எழுந்து போனார். அவர் போன வாசலையே றம்லத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷஹ்மாவக் குடுக்கிற நேரம் நீங்களும் அழுவீங்க."

நஸீப் தலையாட்டினார்.

"அழுங்க. ஆனா வாப்பா மாதிரி முகத்தக் கழுவிட்டு உள்ளுக்கு வராதீங்க."