நூற்றுக்குள் வர நினைத்த பல் டாக்டர்

பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. இந்த வசதியை நம் டாக்டர் மூன்று வருடமாக முழுசாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். வந்தவரை நாற்காலியில் சாய்த்து, கன்னத்துக்குள் பஞ்சை அடக்கி, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டியதும் ஆரம்பித்துவிடுவார்.

“எல்லாம் இடுப்புலதாங்க இருக்கு. கை சும்மா கூடப் போகணும், அவ்வளவுதான்.”

கடைவாய்ப் பல்லில் ஓட்டையோடு வந்தவர், இதற்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று மிரண்டுபோய் விளக்கையே பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் நர்ஸ்தான் காப்பாற்ற வேண்டும்.

“பயப்படாதீங்க சார். டாக்டர் கோல்ஃப் பத்திச் சொல்றாரு.”

இதைக் கேட்டால் டாக்டர் பெரிய ஆட்டக்காரர் என்றுதானே தோன்றும்? அங்கேதான் விஷயம். கோல்ஃபில் பதினெட்டுக் குழிகள். எத்தனை குறைவான அடியில் பந்தை எல்லாக் குழிக்குள்ளும் தள்ளுகிறோமோ அத்தனை நல்லது. சுமாராக ஆடுகிறவர்கள் தொண்ணூறு, தொண்ணூற்றைந்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டாக்டர் நூற்றுப் பதினெட்டு. நல்ல நாளில்.

முயற்சியில் குறை சொல்ல முடியாது. ஏழு புத்தகம் படித்திருந்தார். சாப்பிடும்போது வீடியோ பார்த்தார். ஹாலில் நிலைக்கண்ணாடி முன் நின்று மட்டையைச் சுழற்றிப் பழகி, முதலில் மேஜை விளக்கையும் பிறகு அதே கண்ணாடியையும் உடைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி, கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டே, “குறி வெச்சு அடிச்சா இவ்வளவு சரியாப் படுமா?” என்று மட்டும் கேட்டார்.

இதில் அவரை அதிகம் வாட்டியது மச்சான். மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக், தொந்தி உள்ளவர், ஒரு புத்தகமும் படிக்காதவர். ஞாயிறு காலையில் இருவரும் சேர்ந்துதான் ஆடுவார்கள். மச்சானின் வீச்சைப் பார்த்தால், தோட்டத்துக்குள் வந்த மாட்டைத் துரத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் பந்து நேராகப் போய்ப் பாதையின் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். டாக்டரின் பந்து வலது பக்கமாக வளைந்து, மரம், மணல், குளம் என்று ஊர் சுற்றிவிட்டு வரும். பல சமயம் வரவே வராது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது குழிக்கு முன்னால் இருக்கும் குளத்தில் அவர் வரிசையாக ஐந்து பந்துகளைப் போட்டார். ஐந்தாவது ‘பொளக்’ என்று முங்கியதும் என்ன வந்ததோ, மட்டையையே சுழற்றிக் குளத்துக்குள் எறிந்துவிட்டார். மட்டை வெயிலில் மினுங்கி, அழகாக வளைந்து போய், நட்டநடுவில் விழுந்தது.

மச்சான் கண்ணுக்கு மேலே கையை வைத்து அதைக் கடைசிவரை பார்த்தார். “மாப்ள, இன்னைக்கு நீங்க அனுப்பினதுல இதுதான் நேராப் போச்சு.”

கோபம் இறங்கியதும், அந்த மட்டை இல்லாமல் மீதிக் குழிகளை ஆட முடியாது என்பது உறைத்தது. பேன்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு டாக்டர் குளத்தில் இறங்கினார். சேற்றுக்குள் காலால் துழாவிக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல்.

“டாக்டர்! நீங்களா? வியாழக்கிழமை எனக்கு ரூட் கெனால் இருக்கே... வரலாமா?”

“வாங்க, வாங்க!” என்றார் டாக்டர், இடுப்பளவு தண்ணீரில், கழுத்தில் பாசியோடு.

அந்த ஆள் வியாழக்கிழமை வரவில்லை. வேறு டாக்டரிடம் போய்விட்டதாக நர்ஸ்தான் சொன்னார். “மட்டையைத் தூக்கி எறியற கோபக்காரர் கையில ஊசியைக் கொடுக்கறதுக்குப் பயமா இருக்குன்னு போன்ல சொன்னாரு சார்.” சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் கருவிகளைக் கழுவப் போய்விட்டார்.

அன்று மாலை டாக்டர் தன்மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, பயிற்சித் திடலில் கோச்சைப் பார்க்கப் போனார். முப்பது வயதுப் பெண். முன்பு போட்டிகளில் ஆடியவர். அதிகம் பேச மாட்டார்.

“பத்துப் பந்து அடிங்க டாக்டர்” என்றார். டாக்டர் அடித்தார். கோச் செல்போனில் படம் எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்.

திரையில் ஒருவர் தோள் இரண்டையும் காது வரை தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணை மூடி, தலையணை உறையை உதறுவதுபோல எதையோ உதறிக்கொண்டிருந்தார். உதறி முடித்ததும் ஒற்றைக்காலில் தடுமாறினார்.

“யாருங்க இது?” டாக்டர் உண்மையாகவே கேட்டார்.

“நீங்கதான்.”

மூன்று வருடமாகத் தன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த படத்தில், டாக்டர் டி.வி.யில் வரும் வீரர்களைப் போல நிதானமாகச் சுழன்று, வில்லாக வளைந்து நிற்பார். அந்த ஆள் யார், எங்கே போனான் என்று தெரியவில்லை. தலையணை உறைக்காரரைத்தான் இத்தனை நாள் மச்சானும் மற்றவர்களும் பார்த்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறார்கள்.

“இப்ப இன்னொண்ணு பண்ணலாம். அடிக்கறதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க.”

டாக்டர் பந்துக்கு முன்னால் நின்றார். “தலையை ஆட்டாதே... இடது முழங்கையை மடக்காதே... முட்டியைக் கொஞ்சம் மடக்கு... எடை வலது கால்ல... மணிக்கட்டு... இடுப்பு முதல்ல... கண்ணு பந்து மேல... மூச்சு... தோள்... அவசரப்படாதே... போன தடவை மாதிரி சொதப்பினே, உன்னை மாதிரி முட்டாள் உலகத்துலயே இல்லை.” மட்டையைச் சுழற்றினார். பந்து வலப்பக்க வேலியில் போய் மோதியது.

கோச் விரல்விட்டு எண்ணியிருந்தார். “பத்து விஷயம் சொன்னீங்க. பந்து எங்க போகணும்னு மட்டும் சொல்லவே இல்லை. கடைசியா யாரையோ திட்டினீங்களே, அது யாரை?”

“என்னைத்தான்.”

“உங்ககிட்ட பல்லு பாக்க வர்றவங்களை இப்படித் திட்டுவீங்களா?”

“திட்டினா எவன் வருவான்?”

“அதாங்க நானும் சொல்றேன்” என்றார் கோச்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். “பல்லுல ஓட்டை இருக்கான்னு தடவிப் பாப்பீங்களே, அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பீங்க?”

டாக்டர் பேனாவை விரல் நுனியில் ஏந்தினார். “இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினா விரல் மரத்துப்போயிடும், எது பல்லுல படிஞ்ச கல்லு, எது ஓட்டைன்னு தெரியாது. லேசாப் பிடிச்சாத்தான் நுனியில நடக்கறது கைக்குத் தெரியும்...” சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். காது நுனி சிவந்தது. இருபத்தாறு வருடமாகச் செய்துவரும் வேலை. அதைக் கிளினிக் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு, இங்கே வந்து மட்டையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கோச் மட்டையைக் கையில் கொடுத்தார். “பந்தை அடிக்கணும்னு நினைக்காதீங்க. மட்டை ஒரு வட்டம் போடுது. அந்த வட்டத்தோட வழியில பந்து உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். மேல போன மட்டை கீழ இறங்கும்போது கால்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்களுக்குக் கை முந்திக்குது. அதான் குறுக்க வெட்டி வலது பக்கம் ஓடுது. ரெண்டு வாரம் பந்தே வேண்டாம். புல்லை மட்டும் உரசுங்க. பாதி வீச்சு போதும்.”

ஐம்பத்திரண்டு வயதில், பெரிய டாக்டர் என்று பெயரெடுத்த ஒருவர், பந்து இல்லாமல் புல்லை உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் பயிற்சி செய்த குழந்தைகள் சிரித்தன. அவர் உரசினார். மூன்றாம் வாரம் பந்து வைத்தபோது ஒன்றிரண்டு ‘டிக்’ என்று பட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்று இரண்டு பேருக்குப் பல் கட்டும்போது வட்டத்தைப் பற்றி விளக்கினார். நர்ஸ் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: “போன மாசம் எல்லாம் இடுப்புன்னீங்க, இந்த மாசம் எல்லாம் விரல் நுனிங்கறீங்க. இவரோட பல்லை மட்டும் மாத்திக் கட்டிடாதீங்க சார்.”

ஆனால் அடுத்த ஆட்டத்தில் நூற்றிருபத்து மூன்று வந்தது. டாக்டர் கோச்சுக்குப் போன் செய்து, “உங்ககிட்ட வந்தப்புறம் அஞ்சு கூடியிருக்கு” என்று புகார் சொன்னார்.

“மட்டை கையில இருக்கா, குளத்துல இருக்கா?”

“கையிலதான் இருக்கு.”

“அப்ப முன்னேற்றம்தான்” என்று கோச் போனை வைத்துவிட்டார்.

நூற்றுப் பதினான்கு, நூற்றொன்பது, மறுபடி நூற்றுப் பதினைந்து. இப்படி நான்கு மாதம் போனது. எண்ணிக்கையை ஆட்டம் முடியும்வரை கேட்கக் கூடாது என்பது கோச்சின் கட்டளை. அட்டையில் குறிப்பது மச்சானின் வேலை. நான்காம் மாதக் கடைசி ஞாயிறும் அப்படித்தான் ஆடினார்கள். பந்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விழுந்தது. டாக்டர் வழியில் ஒரு நாரையை நின்று பார்க்கிற அளவுக்கு நிம்மதியாக இருந்தார். பதினேழாவது குழி முடிந்தது. மச்சானால் அடக்க முடியவில்லை.

“மாப்ள, சொல்லக் கூடாதுதான். கடைசிக் குழியை அஞ்சுல முடிச்சா தொண்ணூத்தொம்பது!”

அவ்வளவுதான். டாக்டர் மட்டையை இறுக்கிப் பிடித்தார். நாலு மாதமாக வெளியூர் போயிருந்த பத்துக் கட்டளைகளும் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தன. தோள் காதுக்கு ஏறியது. அடித்தார். பந்து வலப்பக்கத்து மரங்களுக்குள் புகுந்தது.

‘உன்னை மாதிரி முட்டாள்...’ என்று உள்ளே ஆரம்பித்தது. டாக்டர் சட்டென்று நின்று, கிளினிக்கில் பேசும் குரலில் வாய்விட்டே சொன்னார்: “ஒண்ணும் இல்லைங்க. கொஞ்சம் கூசும், ரெண்டே நிமிஷம். தாடையைத் தளர்த்துங்க. மூக்கால மூச்சு விடுங்க.”

மச்சான் திகிலோடு பார்த்தார். “யார்கிட்ட பேசறீங்க மாப்ள?”

“பேஷண்ட்கிட்ட.”

மச்சானின் பந்து அன்று அதிசயமாக இடப்பக்கத்து மணல் குழியில் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் போக, டாக்டர் தனியாக மரங்களுக்குள் நுழைந்தார். பந்து காய்ந்த இலைகள் மேல் இருந்தது. அதை ஒட்டி ஒரு சுள்ளி. சுள்ளியை அகற்ற விதியில் இடம் உண்டு. மெதுவாகத்தான் எடுத்தார். இலை சரிந்து, பந்து ஒரு சாண் உருண்டு நின்றது.

ஆடுகிறவரால் பந்து நகர்ந்தால் ஒரு அடி தண்டம். பழைய இடத்தில் வைத்து ஆட வேண்டும். டாக்டர் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. காற்றில் நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? காற்று என்று ஒன்று இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரு இலைகூட அசையவில்லை. தொண்ணூற்றொன்பது என்கிற எண் பழுத்த மாம்பழம் மாதிரி கண் முன்னால் தொங்கியது. அவருக்கு ஏனோ தன் கிளினிக் ஞாபகம் வந்தது. தினமும் நாலு பேராவது அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு, ‘ராத்திரி தவறாம பல்லு தேய்க்கறேன் டாக்டர்’ என்பார்கள். ஆதாரம் முழுக்க வாய்க்குள்ளேயே இருக்கும். அவர்களைப் பார்த்து எத்தனை முறை மனசுக்குள் சிரித்திருக்கிறார்!

பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். ‘ரெண்டு’ என்று எண்ணிக்கொண்டார். இனி தொண்ணூற்றொன்பது வராது என்று தோன்றியதாலோ என்னவோ, விரல்கள் தாமாகத் தளர்ந்தன. இரண்டு மரத்துக்கும் இடையில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பாதி வீச்சு வீசினார். பந்து தாழ்வாகப் பறந்து பாதைக்கு வந்தது. அடுத்த அடி குழி இருக்கும் பசும்புல் மேட்டில் போய் விழுந்து, குழிக்கு நாலடி தூரத்தில் நின்றது. இதை ஒரே தள்ளில் போட்டால் தண்டத்தோடு சேர்த்தும் ஐந்துதான்! டாக்டருக்கே சிரிப்பு வந்தது. மெதுவாகத் தள்ளினார். பந்து குழியின் விளிம்பு வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இறங்க மனமில்லாமல் நின்றுகொண்டது. தட்டி உள்ளே விட்டார்.

“அஞ்சு! தொண்ணூத்தொம்பது!” மச்சான் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். இருவர் சட்டையிலும் மணல் கொட்டியது.

“ஆறு மச்சான். உள்ளே சுள்ளியை எடுக்கும்போது பந்து உருண்டுடுச்சு. ஒண்ணு சேத்துக்குங்க.”

“நான் ஒண்ணும் பாக்கலையே!”

“பாத்தவன் நான் ஒருத்தன் இருக்கேனே.”

மச்சான் காதைச் சொறிந்தார். அட்டையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு டாக்டரின் எண்ணைத் திருத்திவிட்டு, தன்னுடையதிலும் எதையோ மாற்றினார்.

“எட்டாவது குழியில எனக்கும் ஒண்ணு சேரணும்” என்றார் கீழே பார்த்தபடி. “பன்னெண்டுலயும் ஒண்ணு. இன்னைக்கு மட்டும்தான் மாப்ள, போன வாரத்தையெல்லாம் கேக்காதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி, விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கி, “எவ்வளவு?” என்றார்.

“நூறு.”

“நூத்துக்கு நூறா! எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் ஒரு பிள்ளைகூட வாங்கலை.” கோல்ஃபில் நூறு என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். டாக்டர் நடந்ததைச் சொன்னார். தண்டத்தைப் பற்றிச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் சட்டையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். “சாப்பிட வாங்க” என்றார். அன்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் டாக்டர்.

அடுத்த வாரம் நூற்றேழு. தொண்ணூற்றெட்டு வந்தது இன்னும் ஏழு வாரம் கழித்து. அன்று பார்த்து மச்சானுக்கு மூட்டுவலி. கூட ஆடிய இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரிய மனிதர் கண்கலங்கி ஏன் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார் என்று புரியாமல் அவர்கள் பொதுவாகச் சிரித்துவைத்தார்கள். டாக்டர் அந்தச் சந்தோஷத்தில், அவர்களுக்கு இலவசமாகப் பல் சுத்தம் செய்து தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். இருவரில் உயரமானவர் சிரித்தபோது பல்லைக் கவனித்திருந்தார். அவருக்குக் கட்டாயம் தேவைதான்.