இன்றைக்கு யார் பாடு

ராணுவம் கழித்துவிட்ட டீசல் ஜெனரேட்டர் அது. ஊர் சேர்ந்து ஏலத்தில் எடுத்தது. உப்புக் காற்றில் கிடந்து துருவேறிப்போன அதனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, பழவேற்காட்டு மெக்கானிக் சுஹைல் அதற்கு உயிர் கொடுத்தான். ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று முறை வைப்பதுபோல இதற்கும் வீட்டுக்கு வீடு பாடு வைத்தார்கள். யார் பாடோ அன்றைக்கு ஜெனரேட்டர் அவர்களுக்கு. எஞ்சினுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

இதையெல்லாம் கட்டிக்காப்பவர் ஊர்த் தலைவர் கோதண்டம். இளகிய மனசுக்காரர் என்று அவரை யாரும் தவறியும் சொன்னதில்லை. போன வருஷம் இந்திராணியின் புருஷன் செத்த அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டு இறால் பாடு வந்தது. வேறு நாளுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று அவள் அழுதாள். "பாடுன்னா பாடுதாம்மா" என்று சொல்லிவிட்டு, பிணத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்த மகராசன் அவர்.

இப்போது புயல். கரண்ட் இல்லை. அந்தக் காற்றில் படகு ஏரியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. நுரையீரல் கெட்டுப்போன அவர் மனைவி கோவிந்தம்மாவுக்கு ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சு. கைவசம் இருந்த சிலிண்டரும் காலையில் தீர்ந்துவிட்டது. ஜெனரேட்டரோ கொஞ்சம் ஓடுவதும் தானாக நிற்பதுமாக இருந்தது. பழுது பார்க்க வந்து புயலில் மாட்டிக்கொண்ட சுஹைல் உதட்டைப் பிதுக்கினான்.

"ஆயில் பிரஷர் நிக்கல தலைவரே. பேரிங் தேஞ்சு போச்சு. எஞ்சின் கெட்டுடக் கூடாதுனு அதுவா ஆஃப் ஆவுது."

"வேற வழியே இல்லியா?"

பேனலில் சிவப்பு மூடி போட்ட சுவிட்ச் ஒன்றைச் சுஹைல் காட்டினான். "இது சண்டை நேரத்துல போடறது. போட்டா இன்னா ஆனாலும் நிக்காது. எஞ்சின் உடையற வரைக்கும் ஓடும். அப்பறம் வெறும் இரும்புதான்."

கோதண்டத்தின் கை மூடிவரைக்கும் போய் நின்றது. அன்றைய பாடு இந்திராணியுடையது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்பது? கோவிந்தம்மா மூச்சுக்கு இழுக்கும் சத்தம் மழையையும் மீறி வெளியே கேட்டது. அவருக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

சேதி கேட்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு இந்திராணியே வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, பாத்துக்கினு நிக்கிற? பாடுன்னா பாடுதான். இன்னிக்கி என்னுது." மூடியைத் தூக்கி, சுவிட்சைத் தட்டினாள். "ஸ்டார்ட் பண்ணுப்பா."

எஞ்சின் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சுத்தியால் அடிப்பதுபோல சத்தம் வந்தது. கோதண்டம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடித் திறந்தார். சுஹைல் எஞ்சினைப் பார்க்கமாட்டாமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் காற்று தணிந்தது. அக்கரையிலிருந்து சிலிண்டரோடு ஊர்க்காரன் தீனாவின் படகு வந்தது. கோவிந்தம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் படகில் வைக்கும்போது கரையே அதிர ஒரு சத்தம். அதோடு எஞ்சின் அடங்கிப்போனது.

ஊர் ஓடி வந்தது. புகையைப் பார்த்ததும், "இன்னிக்கி யார் பாடு?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

இந்திராணி வாயைத் திறப்பதற்குள், இடுப்பளவு தண்ணீரில் நின்ற கோதண்டம் திரும்பினார்.

"என் பாடு. கேக்கறத என்னைக் கேளு."

அன்றைக்கு யார் பாடு என்று தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது. கத்தியவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகைப் பிடிக்க வந்தார். இந்திராணி கோணியை உதறிப் போட்டுவிட்டு, படகைத் தள்ளத் தண்ணீரில் இறங்கினாள்.