தெருமுனை வேகத்தடை

எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பெயின்ட் எல்லாம் உதிர்ந்து ரோட்டோடு ரோடாகக் கிடக்கும். வெளியாள் அதில் ஏறி விழுந்தால் பாவம் என்று விட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவர். ஒரு தடவைகூட அதற்காக வேகத்தைக் குறைத்தது கிடையாது. தலை போய்க் கார் கூரையில் இடிக்கும். "எவன்டா இத இங்க கொண்டுவந்து போட்டான்?" என்று ஏதோ நேற்று முளைத்ததுபோல் திட்டுவார். நான் கூட இருந்தால் என் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்துவிடுவேன். அதனால் அந்தத் தடை அங்கே இருப்பதே அவர் மனதில் தங்கவில்லையோ என்னவோ.

என் காலடியில் பிரேக் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நான் டிரைவிங் டீச்சர். சொந்தக் கார், ஒரே கார், என் பள்ளிக்கூடம் மொத்தமும் அதுதான். ஓட்டுகிற சீட்டில் பழகுகிறவர், பக்கத்துச் சீட்டில் நான். எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். படிக்க வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக்கம்மா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

முன் கண்ணாடியில் டேஷ் கேம் மாட்டியதும் நான்தான். பழகுகிற கார் என்று கூரையில் பலகை இருந்தால் போதும், எவன் வந்து இடித்தாலும் பழி நம் தலையில்தான் விழும். அந்தக் கேமரா ரோட்டைப் படம் பிடிக்கும், காருக்குள் பேசுவதையும் பதிவு செய்யும். வகுப்பு முடிந்ததும் போட்டுக் காட்டுவேன். தாங்கள் கத்தின கத்தலைத் தாங்களே கேட்டுவிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள்.

மாட்டிய அன்று என் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து பார்த்தார்.

"ஏம்மா, ஊர்ல இருக்குற யார் மேலயும் உனக்கு நம்பிக்கை கிடையாதா?" என்று சிரித்தார். அதில் என்ன பதிவாகும், எப்படி ஓடும் என்று ஒன்றும் கேட்கவில்லை. என் தொழிலைப் பற்றி அவர் எப்போதும் எதுவும் கேட்டதில்லை. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. வீட்டுக்காரர் நம்மை நம் போக்கில் விட்டிருக்கிறார் என்றுதான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

விபத்து நடந்த அன்று ஓட்டியது நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர், தங்கமான மனுஷி, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் கை நடுங்கும். நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் தலையில் மெத்தையைச் சுமந்துகொண்டு ரோட்டில் இறங்கினான். மெத்தை முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ரோடும் தெரியாது, நாங்களும் தெரியாது. நான் என் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. மெத்தை பத்திரமாகக் கடந்து போனது. பின்னால் வந்த கார்தான் நிற்கவில்லை.

டிக்கி உள்ளே மடங்கிவிட்டது. நர்ஸம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு "நான் என்ன பண்ணேன் டீச்சர், நான் என்ன பண்ணேன்" என்று அழுதார். பின்காரிலிருந்து கையில் போனோடு ஒருவர் இறங்கி வந்தார். பார்த்தால் என் வீட்டுக்காரரின் ஆபீஸ் மேனேஜர்!

"ஐயோ, நீங்களா? சரி சரி, பேசிக்கலாம்" என்றார். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

நான் முதலில் போன் போட்டது என் வீட்டுக்காரருக்கு. அடித்துப் பிடித்து ஓடிவந்தார். நர்ஸம்மாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "நீ யார்கிட்டயும் ஒண்ணும் பேசாத. கேமரா கார்டு என்கிட்ட இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் கிளெய்மெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கையோடு கழற்றிக் கொடுத்தேன். இப்படி ஒரு மனுஷன் வாய்த்தாரே என்றுகூட அப்போது நினைத்தேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் அவர் உதட்டைப் பிதுக்கினார். "கார்டு வெயில்ல கெட்டுப்போச்சும்மா. திறந்தா ஒண்ணுமே இல்ல. சுத்தமா ஃபார்மட் பண்ணி மறுபடி மாட்டிட்டேன். விடு, உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்." தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

மேனேஜர் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது அடுத்த வாரம் என் கைக்கு வந்தது. முன்னால் ஆளும் இல்லை, வண்டியும் இல்லையாம். காலி ரோட்டில் பழகுகிற கார் காரணமே இல்லாமல் நின்றதாம். அதை வைத்துக்கொண்டு லைசென்ஸ் ஆபீசில் என்னை வகுப்பு எடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் ரிப்போர்ட்டில் தப்பு என் மேல் என்று வந்தால் டீச்சர் பர்மிட் நிரந்தரமாக ரத்து. அப்புறம் அந்தக் காரும் என் பக்கத்துப் பிரேக்கும் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மாவைப் பார்க்க பஸ்ஸில் போனேன். கழுத்தில் பட்டை கட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நான்தான் எனக்கே தெரியாம பிரேக்கை மிதிச்சிருப்பேன். என்னாலதான் உங்க பொழப்பு போச்சு."

"நீங்க எங்க மிதிச்சீங்க? நான்தான் மிதிச்சேன். மெத்தை வந்துச்சே!"

"நான் மெத்தையப் பாக்கவே இல்லையே டீச்சர். கியரைப் பாத்துட்டு இருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மெத்தையைப் பார்த்தது நானும் கேமராவும்தான். கேமராவோ கண்ணை மூடிவிட்டது. என் பேச்சை யார் நம்புவார்கள்?

அதே வாரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் செக்‌ஷன் தலைவர் நாற்காலி கிடைத்தது. நெடுநாளாகக் காத்திருந்த நாற்காலி. துக்கத்துக்கு நடுவே ஒரு நல்லது நடக்கிறதே என்று அவருடைய சட்டையை நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் காரைப் பார்க்க வந்தார். கயிறு போட்டுக் கட்டியிருந்த டிக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்சீட்டுக்குள் தலையை விட்டார்.

"கேமரா இருக்கே. அப்புறம் ஏன் வீடியோ தரல?"

கார்டு வெயிலில் கெட்டுப்போன கதையைச் சொன்னேன்.

"கெட்ட கார்டு இப்ப மட்டும் எப்படிம்மா நல்லா ஓடுது?" கேமராவில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. "வண்டி பெருசா குலுங்குனா இது இடிச்சிட்டாங்கன்னு நினைச்சு அந்த ஒரு நிமிஷத்த மட்டும் தனியா பூட்டி வெச்சிரும். மத்த பதிவு மேல புதுசு ஏறிப் பழசு அழிஞ்சிரும், இது மேல ஏறாது. உங்களுக்குத் தெரியாததா? பூட்டுன ஃபோல்டரை ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க. நாளைக்கு நான் ரிப்போர்ட்டை முடிச்சாகணும்."

எனக்குத் தெரியாததா? படிக்க வருகிற ஒவ்வொருத்தருக்கும் நானே விளக்கிச் சொல்கிற விஷயம்தான் அது. ஆனால் ஒன்றுமில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. புருஷன் சொன்ன பிறகு போய்ச் சரிபார்க்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அவர் ஆபீசில் இருந்த நேரம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கார்டைச் சொருகினேன். பூட்டிய ஃபோல்டரில் மூன்று பதிவுகள் இருந்தன. மெத்தை எதிலும் இல்லை, ஃபார்மட் பண்ணியதில் அது போய்விட்டிருந்தது. மூன்றும் ஞாயிற்றுக்கிழமை பதிவானவை, மூன்றும் எங்கள் தெருமுனை. டயருக்குக் காற்றடிக்கப் போவதாகச் சொல்லி அவர் காரை எடுத்துக்கொண்டு போன நாள். முதல் பதிவில் விசிலடித்துக்கொண்டே போய் வேகத்தடையில் ஏறி விழுகிறார். கடைசிப் பதிவில் விசிலடித்துக்கொண்டே வந்து ஏறி விழுகிறார். நடுவில் இருந்ததில் இரண்டு குரல்கள்.

"என் வண்டி ஒர்க்‌ஷாப்ல இருக்கறதால உங்களுக்குத்தான் சிரமம்" என்றது மேனேஜர் குரல்.

"சிரமம் என்ன சார், உங்க கார் மாதிரி நினைச்சுக்கங்க. இப்படிக் குறுக்குல போனா உங்க வீடு சீக்கிரம் வந்துரும்."

"அன்னைக்கு ஓட்டும்போது நான் போனைப் பாத்துட்டேன். அந்த மெத்தைக்காரனையும் பாத்தேன், பாக்கும்போது லேட்டாயிருச்சு. வீடியோ நெஜமாவே போயிருச்சில்ல?"

"என் கையாலயே அழிச்சேன் சார்."

"வீட்ல சந்தேகம் வரலையா?"

"அவளுக்கா?" அவர் சிரித்தார். "வெயில்ல கெட்டுப்போச்சுன்னேன். தலையாட்டிட்டா."

"பாவம், பர்மிட் போயிடுமே."

"போகட்டும் சார். காரு, கிளாசுன்னு ஊர் சுத்துனது போதும். வீட்ல இருக்கட்டும்."

தடால் என்று ஒரு சத்தம். "எவன்டா இத இங்க கொண்டுவந்து போட்டான்?" அதோடு கேமராவின் 'டிங்'.

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி போட்டேன். சரியாகத்தான் கேட்டிருந்தது. நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அதே மத்தியானம், இடித்தவரை என் காரிலேயே உட்கார வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். அதைப் பிறத்தியார் வீட்டுக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். மேலதிகாரி கேட்டார், பயந்துபோய் அழித்தார் என்றால்கூட என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. ஆனால் 'தலையாட்டிட்டா' என்று சொல்லிச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. நான் நம்பியதுதான் அவருக்குச் சிரிப்பு. நான் வெளியே போய் சம்பாதிப்பதும் நாலு பேருக்குக் கற்றுக் கொடுப்பதும் அவர் கண்ணில் ஊர் சுற்றல். இத்தனை வருஷமாக நான் யாரோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்?

பதிவை வேறு இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தேன். கார்டைத் திரும்பக் கேமராவில் சொருகினேன். பிறகு நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நீங்க மிதிக்கல நர்ஸம்மா. ஆதாரம் கிடைச்சிருச்சு. மெத்தைக்காரனை மேனேஜரும் பாத்திருக்காரு."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. எனக்குத்தான் அழுகை வரவில்லை, அவராவது அழட்டும் என்று போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரிடம், "சர்வேயர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போடணுமாம். நீங்களே ஓட்டுங்க" என்றேன். அவரும் சரி என்றார். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன். கார் வாசலை விட்டு நகர்ந்ததும் கேட்டேன்.

"மெத்தைக்காரன் வீடியோவ ஏங்க அழிச்சீங்க?"

"என்ன உளர்ற? வெயில்ல..."

"வெயில்ல கெட்டுப்போச்சுன்னேன், தலையாட்டிட்டா. அதானே?"

எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தவர், கேட்காமல் கெஞ்ச ஆரம்பித்தார்.

"அவர் என் மேலதிகாரிம்மா. அழிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொன்னாரு. முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ வேற நான் வேறயா? உன் பர்மிட் போனா என்ன, நான் இல்லையா உனக்கு?"

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"சரி, தப்புத்தான். நான்தான் அழிச்சேன். அவர் சொல்லித்தான் அழிச்சேன், நாற்காலிக்காகத்தான் அழிச்சேன். போதுமா? நமக்குள்ள இருக்கட்டும். சர்வேயர்கிட்ட மட்டும் போகாத."

தெருமுனை வந்தது. வழக்கம்போல அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் அவருக்காக மிதித்துப் பழகின கால். அதை இழுத்துக்கொண்டேன். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி வைத்தேன்.

கார் எம்பி விழுந்தது. அவர் தலை கூரையில் இடித்தது. கேமரா 'டிங்' என்றது. இந்தத் தடவை அவர் யாரையும் திட்டவில்லை.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. அவருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

"வண்டி குலுங்குனா இந்தக் கேமரா இடிச்சிட்டாங்கன்னு நினைச்சுக்கும். அப்ப உள்ள பேசினதையும் சேர்த்துப் பூட்டி வெச்சிரும். போன ஞாயித்துக்கிழமையும் வெச்சுது, இப்பவும் வெச்சிருச்சு."

கார்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் ரோட்டை விட்டுவிட்டு என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார், நர்ஸம்மா கியரைப் பார்த்ததுபோல.

"ரோட்டைப் பாருங்க" என்றேன். "சர்வேயர் ஆபீசுக்கு அடுத்த முக்குல திரும்பணும். இண்டிகேட்டர் போடுங்க."