மணிக்கட்டைப் பிடித்தால் என்ன அர்த்தம்?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று காலையிலேயே ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் அம்மையப்பன் பேரத்தை ஆரம்பித்துவிட்டார்.

“இங்க பாரும்மா அர்ஷியா. ‘நாலாம் அத்தியாயம் சாரோட கட்டுரையில இருந்து எடுத்தது, பேரு போட மறந்துட்டேன்’னு ரெண்டு வரி எழுதிக் கொடு. எம்.பில். வாங்கிட்டு வீட்டுக்குப் போ. இல்லேன்னா திருட்டு ஆய்வுன்னு தள்ளிருவாங்க. ரெண்டு வருசம் தாமிரவருணியோட போச்சு.”

“அது நான் எழுதுனது சார்.”

“அச்சுல வந்தது எம்பேரு.”

“அப்போ சபையில வச்சே பேசிக்குவோம்” என்று அவள் எழுந்துவிட்டாள். மேலப்பாளையத்துப் பெண், முதல் விலைக்குத் தலையாட்டும் வளர்ப்பு அல்ல.

அவள் ஆய்வு நியாய விலை பற்றியது. பண்டைய, இடைக்கால மேலைச் சிந்தனையும் அதன் இன்றைய பொருத்தமும் என்று தலைப்புக்கு நீளமான வால் வேறு. பஞ்சத்தில் கிடக்கும் தீவுக்கு ஒருவன் கோதுமைக் கப்பலோடு முதலில் போய்ச் சேருகிறான். பின்னால் பத்துக் கப்பல் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, வாயை மூடிக்கொண்டு விற்கலாமா? சொல்லத்தான் வேண்டும் என்றது ரோமாபுரி. ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்து வந்த துறவிகள் கொஞ்சம் இளகினார்கள். சொன்னால் புண்ணியம், சொல்லாவிட்டால் பாவமில்லை. ஆனால் சரக்கின் குறையை மறைத்து விற்றால் விற்பனையே செல்லாது என்றார்கள். இதே வழக்கு மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் செவ்வாய்தோறும் நடக்கிறது, இலத்தீன் இல்லாமல். அர்ஷியாவின் வாப்பா அலி அஸ்கர் அங்கே தரகர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர். ஊர் பார்க்க நடந்தும் ஊருக்குத் தெரியாத விலை, நியாய விலை ஆகுமா? அதுதான் நாலாம் அத்தியாயம்.

கைப்பிரதியைப் பார்த்ததும், “தத்துவத் துறையில சாணி நாத்தம் அடிக்குதே” என்று சிரித்தார் அம்மையப்பன். ஆறே மாதத்தில் அந்தச் சாணி சென்னைப் பத்திரிகை ஒன்றில் அவர் பெயரில் மணத்தது. பைண்டு செய்து வந்த ஆய்வேட்டிலோ அவர் புரட்டிப் பாராமலே கையெழுத்துப் போட்டிருந்தார். மதுரையிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் வெங்கடசுப்பிரமணியன் இரண்டையும் வரிவரியாகப் படித்திருந்தார். எல்லாவற்றையும் படிக்கிற மனிதர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறிலும் அங்கங்கே இருந்தார்கள்.

வைவாவை யாரும் வந்து கேட்கலாம் என்பதால் போண்டாவுக்கு வந்த மாணவர்கள் பத்துப் பேரும், கடைசி பெஞ்சில் தோளில் துண்டோடு அலி அஸ்கரும் இருந்தார்கள்.

“ரெண்டும் ஒரே சரக்கு. திருடினது யாருன்னுதான் தெரியணும்” என்றார் தேர்வாளர்.

“நான் சொல்லி இவ எழுதினது” என்றார் அம்மையப்பன்.

“சார், ஒரே ஒரு கேள்வி” என்றாள் அர்ஷியா. “துண்டுக்குள்ள மணிக்கட்டைப் பிடிச்சா என்ன அர்த்தம்?”

“விலை படிஞ்சிருச்சுன்னு அர்த்தம். நாலு செவ்வாய் சந்தையில நின்னு நானே பாத்தது!”

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். “உங்க கட்டுரையிலயும் அப்படித்தான் இருக்கு. ஆய்வேட்டுல வேற மாதிரி இருக்கே? ‘மணிக்கட்டைப் பிடித்தால் பேரம் முறிந்தது, எழுந்து போ.’”

“டைப் அடிச்சவன் தப்பு.”

“தப்பில்ல சார். தரகர் வீட்டு வழக்கம்” என்றாள் அவள். “வெளியாளுக்கு விரல் கணக்கைச் சொல்லணும்னா ஒண்ணை மட்டும் திருப்பித்தான் சொல்லுவோம். உங்ககிட்ட கொடுத்த கைப்பிரதியில திருப்பி வச்சேன். பைண்டு பண்ணையில நேராக்கிட்டேன்.”

அம்மையப்பன் துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா! குறையை மறைச்சுக் கொடுத்திருக்கா! மறைச்சா விற்பனை செல்லாதுன்னு இவளே எழுதியிருக்கா!”

“செல்லாதுதான். நான் எங்க வித்தேன் சார்? ராத்திரி தொழுவத்துல புகுந்து மாட்டை அவுத்துட்டுப் போனவரு, நொண்டின்னு சொல்லலையேன்னு சண்டைக்கு வரக் கூடாது.”

போண்டாவுக்கு வந்தவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள்.

அலி அஸ்கர் எழுந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முப்பது வருடத்து விரல் ரகசியம் சபைக்கு வந்துவிட்டது. “கைப்பொருளை ஊருக்கே காட்டிட்டியேட்டி” என்று மகளிடம் முணுமுணுத்துவிட்டு, “பிள்ளை சொன்னது நெசம்” என்றார்.

“அப்பன் மகளுக்கு விரோதமாவா பேசுவாரு?” என்றார் அம்மையப்பன்.

“நான் பேச வேண்டாம் வே. வார செவ்வாய் சந்தைக்கு வாரும். எவன் மணிக்கட்டை வேணா பிடியும். மாடு உம்ம பின்னால வருதா, மாட்டுக்காரன் எந்திரிச்சுப் போறானான்னு பாரும். நாலு செவ்வாய் நின்ன ஆளுக்கு அஞ்சாவது ஒரு பாரமா?”

“நானும் வர்றேன்” என்றார் தேர்வாளர்.

“செவ்வாய்க்கிழமை எனக்கு கிளாஸ் இருக்கு” என்றார் அம்மையப்பன். அவருக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பே கிடையாது என்பது மாணவர்கள் பத்துப் பேருக்கும் தெரியும். ஒருவன் இருமினான்.

தேர்வாளர் பேனாவைத் திறந்து, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “பத்திரிகைக்கு நான் கடுதாசி போட்டுக்கிறேன்” என்றும் சொன்னார்.

வராந்தாவில் வாப்பாவுக்கும் மகளுக்கும் பின்னாலேயே அம்மையப்பன் ஓடி வந்தார். குரல் பாதியாகியிருந்தது. “கடுதாசி போகுமுன்ன பேசி முடிச்சிருவோம் அண்ணாச்சி. ரெண்டு பேர் பேரையும் போட்டுட்டா போச்சு. எம்பேரு ரெண்டாவதாக்கூட இருக்கட்டும்.”

அலி அஸ்கர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டவில்லை. அவர் தோள் துண்டை எடுத்து உதறி, பேராசிரியரின் நீட்டிய கைமேல் போட்டார். அம்மையப்பனின் முகம் மலர்ந்தது. ஏதோ ஒரு விலை வரப்போகிறது என்று விரல்களை விரித்துக் கொடுத்தார்.

துண்டுக்குள் தரகரின் கை அந்த விரல்களைத் தொடவே இல்லை. நேரே மணிக்கட்டுக்குப் போய் இறுக்கியது.

இந்த முறை அம்மையப்பனுக்கு அர்த்தம் சரியாகத் தெரிந்திருந்தது.