மூன்று கிராம் ஈரம்

மட்டை சோதிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பீரங்கிக்குள் போகும் பந்து ஒவ்வொன்றையும் எடை பார்க்காமல் விட மாட்டாள், அதனால் வந்த பெயர். பீரங்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். காற்றை அடைத்து பேஸ்பால் பந்தை மட்டையின் மேல் சுடுகிற நீளக் குழாய், அவ்வளவுதான். பந்து போகிற வேகத்தையும் மோதித் திரும்புகிற வேகத்தையும் கணினி பிடித்துக்கொள்ளும். திரும்பும் வேகம் எல்லைக்குள் இருந்தால் மட்டைக்கு முத்திரை. தாண்டினால் அது ஆட்டத்துக்கு ஆகாது. மர மட்டையில் பட்டால் பந்து நசுங்கி வேகத்தை இழக்கும். உள்ளே கூடாக இருக்கும் மட்டையோ கொஞ்சம் உள்வாங்கி, ஸ்பிரிங் மெத்தை போலப் பந்தைத் திருப்பித் தள்ளும். பதினெட்டு மீட்டர் தள்ளி நின்று பந்து எறிகிறவளுக்குக் கையைத் தூக்கக்கூட நேரம் இருக்காது.

அன்று சனிக்கிழமை. எடை மெஷினைச் சரிபார்க்க வந்தவர் எடைக்கற்களை வைத்துப் பார்த்துவிட்டு, மெஷின் மூன்று கிராம் குறைவாகக் காட்டுகிறது என்று எழுதிக்கொடுத்துப் போனார். அந்தச் சீட்டைத் தராசு திருப்பித் திருப்பிப் படித்தாள். குறைத்து வைத்ததே அவள்தான்.

போன வாரம், பந்துகளை ஈரம் ஏறாமல் வைத்திருக்கும் அலமாரி பழுதாகி, நாலு நாள் பந்துகளெல்லாம் குளியலறைச் சுவரை ஒட்டிய சாமான் அறையில் கிடந்தன. எடுத்து நிறுத்தபோது நூற்று நாற்பத்தைந்து கிராம் காட்ட வேண்டிய பந்து நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. ஒன்றல்ல, வரிசையாக அத்தனையும். பந்துகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போலவா கனத்துப்போகும்? மெஷினுக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று அதில் மூன்று கிராமைக் கழித்து வைத்துவிட்டாள். பதினோரு வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து வைத்த பந்துகளாயிற்றே, சந்தேகமே வரவில்லை. மெஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது, பந்துகள்தான் ஈரத்தைக் குடித்திருக்கின்றன. ஈரம் குடித்த பந்து தொய்ந்துபோகும், மோதினால் சோம்பேறியாகத் திரும்பும். எந்த மட்டையும் நல்ல பிள்ளையாகிவிடும்.

அந்த ஈரப் பந்துகளால் சோதித்தது ஒரே ரகம், அதற்குப் பிறகு வேறு சோதனை வரவில்லை. இறுதியாட்டத்துக்கு வந்த, உள்ளே கூடான பச்சை நிற மட்டைகள். ஆட்டம் இன்று நாலு மணிக்கு. எறியப்போவது அவளுடைய அக்கா மகள்.

மணி இரண்டரை. தராசால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பந்துகள் அலமாரிக்குத் திரும்பி ஒரு வாரமாகிவிட்டது, காய்ந்திருக்கும். சோதித்த பச்சை மட்டைகளில் ஒன்று இன்னும் அலமாரி மேலேயே இருந்தது. பீரங்கி இயக்குகிறவரிடம் ஆறு தடவை சுடச் சொன்னாள். மேலாளர் திங்கட்கிழமைதான் வருவார், கொடுத்த முத்திரையைத் திரும்ப வாங்க நமக்கு அதிகாரம் இல்லை, ஒரு ஆட்டம்தானே என்று அவர் இழுத்தார்.

"என் அக்கா பொண்ணு எறியப்போறா."

அவர் காற்றை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே, "வேற யாராச்சும் எறிஞ்சா விட்டிருப்பீங்களா மேடம்?" என்றார்.

அவள் பந்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அந்தக் கேள்விதான் இன்னும் குடைந்தது.

முதல் பந்து திரும்பிய வேகம் எல்லையைத் தாண்டியது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது வரைக்கும் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை, ஆனாலும் காத்திருந்தாள். ஆறும் தாண்டின. மூன்றே காலுக்கு ஆட்ட நடுவரைப் போனில் பிடித்தாள்.

"நான் போட்ட முத்திரை தப்புங்க. பச்சை மட்டையை உள்ள விடாதீங்க."

மேலாளர் கடிதம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை, தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். யார் மேல் தப்பு என்று எழுதுவது என்று கேட்டார். அதற்கும் அதே பெயர்தான் என்றாள்.

நாலு மணி தாண்டியதும் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். பச்சை மட்டை எதிரணியிடம் மட்டுமல்ல, தங்கள் பிள்ளைகளிடமும் பாதிக்குப் பாதி அதுதானாம். எல்லாம் போய், பழைய மர மட்டையோடு முழிக்கிறார்களாம். உன் தங்கச்சி செய்த காரியத்தைப் பார் என்று பெண்ணே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளாம்.

"சொந்தக்காரி ஒருத்தி இருந்தும் எங்களுக்கே ஆப்பு வைக்கிறியேடி" என்று ஆரம்பித்த அக்காவின் குரல் பாதியில் நின்றது. பின்னால் கூட்டம் இரைந்தது.

"என்னக்கா?"

எதிரணி மர மட்டையால் அடித்த பந்து நேராக மகளின் முகத்துக்கே வந்ததாம். பிள்ளை பிடித்துவிட்டாளாம், கையை உதறிக்கொண்டு நிற்கிறாளாம்.

"கையுறை எப்போ மேல வந்துச்சுக்கா?"

"கடைசி நொடியிலதான். பக்குனு ஆயிடுச்சு. ஏன்டி கேக்குற?"

பச்சை மட்டை என்றால் அந்தக் கடைசி நொடி இருந்திருக்காது என்று தராசு அக்காவிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, மேலாளருக்குக் கடிதம் எழுதத் தாளை எடுத்துக் கீழே தன் பெயரை முதலில் எழுதினாள். மேலே என்ன எழுதுவது என்று ஓடவில்லை. எழுந்து, பீரங்கியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள்.