நாலாவது துளை

மூன்றாவது மாடிக்கு ஏறி வர அவர்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. லிஃப்ட் கதவில் ‘அலுவலர்களுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. ஐந்து படிக்கு ஒரு தடவை டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். டிரைவரும் ஒரு படி கீழே நின்று, சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. இப்போது மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே, பெஞ்சின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சட்டைப் பையில் மவுத் ஆர்கன் இருந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் பதினோரு வருஷம் பாலிஷ் மெஷின் பிடித்தவள், வயது முப்பத்தாறு. டிரைவர் அதே பட்டறையில் கல் லாரி ஓட்டுகிறவன், அவளுக்குப் பத்து வயது மூத்தவன். அவளுடைய அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தபோது வாங்கி வந்த பத்துத் துளை மவுத் ஆர்கனில் சாப்பாட்டு நேரத்தில் அவள் ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டு வாசிப்பாள். ஒருநாள் வெட்கத்தை விட்டு, “எனக்கும் கத்துக்குடும்மா” என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான். “தலை நரைச்ச பிறகு பீப்பீ ஊதக் கிளம்பிட்டாரு” என்று பட்டறை மொத்தமும் சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களும் பாலிஷ் மெஷின் பிடித்தவர்கள்.

அவள் நோயில் படுத்துவிட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அவள் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டான். ப்ளூஸுக்கு ஊதுவதைவிட இழுப்பதுதான் முக்கியம். நாலாவது துளையில் மூச்சை உள்ளே இழுத்து, வருகிற சுரத்தை அப்படியே கீழ்நோக்கி வளைக்க வேண்டும். முதல் ஐந்து மாதம் அவனுக்கு வளையவே இல்லை. பலங்கொண்ட மட்டும் இழுப்பான்; உள்ளே அதிர வேண்டிய தகடு அடைத்துக்கொண்டு சத்தமே நின்றுபோகும்.

“மல்லுக்கட்டாதீங்கண்ணே,” என்பாள் அவள், நிறுத்தி நிறுத்தி. “பள்ளத்துல விழுந்த லாரிய இழுக்குற மாதிரி இழுக்குறீங்க. இதுக்கு நெஞ்சு வேணாம். நாக்கப் பின்னால தள்ளி, வாய்க்குள்ள இடத்த மாத்துங்க. ‘ஈ’ன்னு ஆரம்பிச்சு ‘ஊ’ன்னு முடிங்க. மூச்சு ஒரு சொட்டு போதும். எங்கிட்ட இருக்குறதே அவ்ளோதான். நான் வாசிக்கலையா?”

அந்த ஒரு சொட்டு எப்படி என்று தெரியத்தான் செல்போனில் அவளை வீடியோ எடுத்தான். வீட்டில் மெதுவாக ஓடவிட்டு அவள் தாடை எப்படி இறங்குகிறது என்று பார்த்தான். அதோடு விட்டிருக்கலாம். பெருமை பிடிபடாமல், பட்டறை ஆட்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டான். நடுநடுவே அவள் இருமிய இடங்கள் பார்க்க நன்றாக இல்லையே என்று வெட்டிவிட்டான். கீழே ஒரு வரி வேறு எழுதினான்: ‘எங்க டீச்சர். மூச்சுன்னா இதுதான்டா மூச்சு!’

குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையில் அவள் நுரையீரல் பாதிகூட வேலை செய்யவில்லை என்று வந்திருந்தது. கல் தூசியால் வந்த நோய் என்று மருத்துவக் குழு ஒத்துக்கொண்டால் மருந்துக்கும் மாதாமாதம் சாப்பாட்டுக்கும் வழி பிறக்கும். பட்டறையோ, அவள் வேண்டுமென்றே மெதுவாக ஊதி ஏமாற்றினாள் என்றது. அதற்குச் சாட்சியாக இந்த வீடியோவைக் கொடுத்தது, கீழே இருந்த வரியோடு சேர்த்து. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையாலேயே அவள் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டோமே என்று குமைந்தான். “நான் வந்து சொல்றேம்மா” என்று அவனாகத்தான் போய் நின்றான்.

இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் வயதான டாக்டர் ஒருவர். பக்கத்தில் குறிப்பெடுக்கும் அம்மாள். ஜன்னலோரம் பட்டறை மேனேஜர்.

“இப்பவும் அங்கதான் வேலை பாக்குறீங்களா?” என்று டாக்டர் டிரைவரைக் கேட்டார்.

“ஆமாங்க.”

மேனேஜர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அந்த வரிய நான்தாங்க எழுதினேன். புத்திகெட்டுப்போய் எழுதிட்டேன். நடுவுல அவங்க இருமினத நான்தான் வெட்டினேன்.”

“வெட்டாத வீடியோ இருக்கா?”

“போன்ல இடமில்லன்னு அழிச்சிட்டேங்க.” சொல்லும்போதே அவனுக்குக் காது சுட்டது. “ஆனா இத வாசிக்க மூச்சே வேணாங்க. எல்லாம் நாக்குலதான் இருக்கு.”

டாக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. “எனக்கு இதெல்லாம் பழக்கமில்லப்பா. நீயே வாசிச்சுக் காட்டேன்,” என்றார்.

மூன்று வாரமாக அவனுக்கு அது வளைந்துகொண்டிருந்தது. லோடு இறங்கும்வரை லாரி சீட்டில் உட்கார்ந்து பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வாசித்திருக்கிறான். மவுத் ஆர்கனை எடுத்து உதட்டில் வைத்தான். மேனேஜர் நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தார்.

நாக்கு காய்ந்து கட்டையாகிவிட்டது. இழுத்தான், வளையவில்லை. இன்னும் இழுத்தான். டீச்சர் சுவரோர நாற்காலியிலிருந்து தலையை மெல்ல ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றது தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு இழுத்தான். தகடு அடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டி, புரையேறி, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

“தண்ணி குடுங்க அவருக்கு,” என்றார் டாக்டர். “ரொம்ப மூச்சு பிடிக்கிற வேலைதான் போலிருக்கு.” அந்த அம்மாள் அதைக் குனிந்து எழுதினாள்.

“நான் வாசிச்சுக் காட்டட்டுங்களா?” என்று டீச்சர் எழுந்தாள்.

“நீங்க வாசிக்கிறதத்தான் வீடியோவுல பாத்துட்டமேம்மா,” என்றார் டாக்டர்.

வராந்தாவில் மேனேஜர் டிரைவரின் தோளைத் தட்டினார். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு லோடு இருக்கு, மறந்துடாத. வா, லிஃப்ட்லயே போயிடலாம்.”

“இல்லங்க, நான் இவங்களோட வரேன்.”

இரண்டாவது மாடி வளைவில் டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் எதிரில் நின்றான். அழுதுவிடுவான்போல இருந்தது.

“வேணும்னு பண்ணலம்மா.”

“தெரியும்ணே.”

“எனக்கே தெரியலையே. அவரு பாத்தாரு. வேலை போயிடுமோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். அதான் இப்படி ஆச்சா, பதட்டமா... சத்தியமா எனக்கே தெரியலம்மா.”

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்த பிறகு, “வாய் காஞ்சா வளையாது,” என்றாள். “அத நான் சொல்லித் தரல. தண்ணி குடிச்சீங்கல்ல? இப்ப வாசிங்க.”

“இங்கயா?”

“கேக்கணும்போல இருக்கு.”

உதட்டில் வைத்தான். நாக்கைப் பின்னால் தள்ளி, தூங்குகிற பிள்ளை இழுக்கும் அளவுக்கு மூச்சை உள்ளே விட்டான். நாலாவது துளை பேசிற்று. அந்தச் சுரம் மெல்லத் தாழ்ந்து, வளைந்து, அடியில் போய் நின்றது. நெஞ்சு அசையவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடி, சரி என்பதுபோல ஒரு விரலைத் தூக்கினாள். அவன் நிறுத்தாமல் அதே மூச்சில் நீட்டிக்கொண்டே போனான். அவன் ஒரு மூச்சு இழுத்து முடிப்பதற்குள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த அவள் தோள் மூன்று தடவை ஏறி இறங்கியது.